காகிதம் இல்லாத கல்லாப்பெட்டி

பேரிடர்க் காலத்தில் சுயதொழில் செய்வோருக்கென அறிவிக்கப்பட்ட அரசுக் கடன்கள் யார் கைக்குச் சென்றன, யாரைத் தாண்டிச் சென்றன

2020 மே 5ஆம் நாள் சென்னை கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, கொத்தவால் சாவடியின் நெரிசலுக்கு மாற்றாக 1996இல் திறக்கப்பட்ட அந்தப் பெரும் வளாகத்தில் லாரிகள் வரிசைகட்டும் நள்ளிரவும், சுமைதூக்குவோரின் குரலும், விடியுமுன் காயேற்றிக்கொண்டு நகரத் தெருக்களுக்குப் பிரிந்து செல்லும் வண்டிகளின் ஓட்டமும் ஒருசேர நின்றுபோயின. அடுத்த சில நாட்களில் காய்கறி மொத்த வணிகம் திருமழிசைக்கும், பழமும் பூவும் மாதவரத்துக்கும் இடம்பெயர்ந்தன. மொத்த வணிகர்களுக்கு மாற்றிடம் கிடைத்தது. ஆனால், அன்றாடம் விடியலில் சரக்கெடுத்து மாலைக்குள் விற்றுத் தீர்த்து, அந்தப் பணத்திலேயே மறுநாள் சரக்குக்கும் வீட்டு உலைக்கும் பங்கு பிரிக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் தரைக்கடைக்காரருக்கும் அந்த நாளில் இல்லாமற்போனது சந்தை மட்டுமன்று. மார்ச் 25இல் தொடங்கிய கொரோனாப் பொதுமுடக்கத்தின் நாற்பது நாட்களில், கையிலிருந்த முதலும் சோறாகக் கரைந்திருந்தது.

ஒன்றிய அரசு அவசரக்காலக் கடன் திட்டங்களை அறிவித்தது இந்தச் சூழலில்தான். அவற்றின் அளவும் வேகமும் குறைத்து மதிப்பிடத்தக்கவை அல்ல. பல இலட்சம் குடும்பங்கள் மீண்டும் வண்டியைத் தெருவில் நிறுத்த அவை உதவின. எனினும், அத்திட்டங்களின் விதிகளை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்துப் படிக்கும்போது ஓர் உண்மை தெளிவாகத் தெரிகிறது: ஏற்கெனவே வங்கியின் ஏட்டில் பெயர் இருந்தவருக்கே கூடுதல் காலமும் கூடுதல் உத்தரவாதமும் கிடைத்தன, பெயர் இல்லாதவருக்குக் கிடைத்தவை சிறிய தொகையும் குறுகிய கெடுவும்.

முதலும் சோறும் ஒரே பையில்

தேசிய மாதிரி ஆய்வின் 73ஆவது சுற்று 2015-16இல் எடுத்த கணக்கின்படி, வேளாண்மை அல்லாத, நிறுவனமாகப் பதிவுபெறாத குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் நாட்டில் ஏறத்தாழ 6 கோடியே 34 இலட்சம். அவற்றில் தமிழ்நாட்டின் பங்கு 49 இலட்சத்துக்கும் மேல். நாடளவில் இவற்றில் நூற்றுக்கு 84 ‘தன்கணக்குத் தொழில்கள்’, அதாவது நிலையான கூலியாள் எவரையும் வைத்துக்கொள்ளாமல், உரிமையாளரும் குடும்பத்தாரும் தங்கள் உழைப்பையே முதலாகப் போட்டு நடத்துபவை. தையற்கடை, இஸ்திரி வண்டி, இட்லிக் கடை, சைக்கிள் பழுதுபார்ப்பு, பூக்கட்டுதல் என விரியும் இந்தத் தொழில்களில் வணிகப் பணத்துக்கும் குடும்பப் பணத்துக்கும் இடையே கோடு கிடையாது.

பொருளியல் நூல்கள் நடைமுறை மூலதனம் என்று குறிப்பிடுவது, அதாவது சரக்கு வாங்கி விற்றுப் பணமாக்கும் வரை கையைவிட்டுப் போயிருக்கும் தொகை, ஒரு நிறுவனத்துக்கு வங்கிக் கணக்கில் தனியாக நிற்கும். தெரு வியாபாரிக்கு அது இடுப்புச் சுருக்குப்பையில் நிற்கும். கடை மூடினால் நிறுவனத்துக்கு முதலில் குறைவது இலாபம். வியாபாரிக்கோ முதல் நாளிலேயே முதலுக்கே மோசம். ஆகவே, பேரிடர் முடிந்து கதவு திறக்கும் நாளில் நிறுவனத்துக்கு வேண்டியது வாடிக்கையாளர் என்றால், இவருக்கு வேண்டியது மறுபடியும் முதலிலிருந்து ஒரு முதல்.

இரண்டு வாசல்கள்

2020 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட ‘அவசரக்காலக் கடன் உத்தரவாதத் திட்டம்’ முதலாவது வாசல். தொடக்கத்தில் 3 இலட்சம் கோடி ரூபாய் வரம்புடன் வந்து, பின்னர் 4.5 இலட்சம் கோடியாகவும், 2022 நிதிநிலை அறிக்கையில் 5 இலட்சம் கோடியாகவும் விரிந்து, 2023 மார்ச் 31 வரை நடந்த இத்திட்டத்தில் அரசு நேரடியாகப் பணம் கொடுக்கவில்லை. வங்கி கொடுக்கும் கடன் திரும்பாவிட்டால் அந்த இழப்பை முழுமையாகத் தானே ஏற்பதாக, தேசியக் கடன் உத்தரவாத அறக்கட்டளை நிறுவனத்தின் வழியாக உறுதியளித்தது. கடன் உத்தரவாதம் என்பதன் பொருள் இதுவே. புதிதாகப் பிணை எதுவும் கேட்கக் கூடாது, வங்கிகள் 9.25 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது, நான்காண்டுக் கெடுவில் முதல் ஓராண்டுக்கு அசலில் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை என்ற நிபந்தனைகள் உண்மையிலேயே பரிவோடு வகுக்கப்பட்டவை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கடனாளிகள் இதனால் பயனடைந்தனர். வாராக்கடனாகச் சரிந்திருக்கக்கூடிய பல இலட்சம் கணக்குகள் தப்பின.

ஆனால், கடன் தொகையைக் கணக்கிட்ட முறைதான் கவனிக்கத்தக்கது. 2020 பிப்ரவரி 29 அன்று ஒருவருக்கு நிலுவையில் இருந்த கடனில் 20 விழுக்காடு என்பதே தொடக்க விதி. 25 கோடி ரூபாய் நிலுவை வைத்திருந்த நிறுவனத்துக்கு 5 கோடி. சிறுதொழில்களுக்கான முத்ரா கடன் திட்டத்தில் 40,000 ரூபாய் நிலுவை வைத்திருந்த தையற்காரருக்கு 8,000. கடனே வாங்காமல் கையூன்றிக் கரணம்போட்டுத் தொழில் நடத்தியவருக்குச் சுழியத்தில் இருபது விழுக்காடு, அதுவும் சுழியமே. கடனுக்கு அஞ்சி வாழ்வதைச் சிக்கனம் என்று நம் சமூகம் போற்றிவந்திருக்க, திட்டத்தின் கணக்கில் அந்தச் சிக்கனம் தகுதிக் குறைவாக மாறியது. அறுபது நாட்களுக்கு மேல் தவணை தவறியிருந்தவரும் வெளியே நின்றார். வங்கிகள் துரிதமாகக் கொடுப்பதற்கு அறிமுகமான வாடிக்கையாளரே வசதி என்பதில் நியாயம் உண்டு; அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வாசல், அந்தச் சுழியத்தில் நின்றவர்களுக்கென 2020 ஜூன் 1இல் தொடங்கிய ‘பிரதமரின் ஸ்வநிதி’. நகர்ப்புறத் தெரு வியாபாரிகளுக்குப் பிணையின்றி 10,000 ரூபாய், அதைத் திருப்பிக் கட்டினால் 20,000, அதையும் கட்டினால் 50,000 என்று படிப்படியாக ஏறும் இந்தத் திட்டம், இந்திய வங்கி வரலாற்றில் தரைக்கடைக்காரரை அவருடைய தொழிலின் பெயராலேயே கடனாளியாக ஏற்ற முதல் பெரிய நாடளாவிய முயற்சி என்று கூறலாம்.

❖ எண்களில் ஸ்வநிதி ❖
தொடக்கத்தில் குறிவைத்தது: 50 இலட்சம் வியாபாரிகள்.
வட்டி மானியம்: ஆண்டுக்கு 7 விழுக்காடு, வியாபாரியின் வங்கிக் கணக்குக்கே வரும்.
மின்னணுப் பணப் பரிவர்த்தனைக்கு ஊக்கத்தொகை: தொடக்க விதிப்படி ஆண்டுக்கு அதிக அளவாக ரூ.1,200.
2025 ஜூலை இறுதி வரை: 68 இலட்சத்துக்கும் மேற்பட்ட வியாபாரிகளுக்கு 96 இலட்சத்துக்கும் மேற்பட்ட கடன்கள், மொத்தம் ரூ.13,797 கோடி.
2025 ஆகஸ்ட் மாற்றம்: முதற்கடன் ரூ.15,000, இரண்டாம் கடன் ரூ.25,000, மூன்றாம் கடன் ரூ.50,000, திட்டக்காலம் 2030 மார்ச் 31 வரை.

ஓராண்டு மூச்சும் ஒரு மாத மூச்சும்

இரண்டு திட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது மனத்தை உறுத்துவது தொகையின் வேறுபாடு அன்று, கால வேறுபாடு. கோடிகளில் கடன்பட்ட நிறுவனத்துக்கு முதல் ஓராண்டுக்கு அசல் கட்ட வேண்டாம் என்ற மூச்சுவெளி இருந்தது. பத்தாயிரம் வாங்கிய வியாபாரியோ அதே ஓராண்டுக்குள் மாதத் தவணைகளில் முழுக் கடனையும் கட்டி முடிக்க வேண்டும். பேரிடரின் ஆழம் ஒன்றேயாயினும், அதிலிருந்து எழ வலியவருக்கு நான்காண்டும் எளியவருக்கு ஓராண்டும் வகுக்கப்பட்டன.

உத்தரவாதமும் அவ்வாறே. முதல் திட்டத்தில் இழப்பு முழுவதையும் அரசு ஏற்றது. ஸ்வநிதியில், ஒரு வங்கி கொடுத்த மொத்தக் கடனில் முதல் 5 விழுக்காடு வரையிலான இழப்புக்கு முழு ஈடு, அதன்மேல் 15 விழுக்காடு வரை முக்கால் ஈடு, அதற்கும் மேற்பட்ட இழப்பு வங்கியின் தலையில் என்று படிநிலை வைக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டின்கீழ், முன்பின் தெரியாத நூறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்க ஒரு கிளை மேலாளர் தயங்கினால் அதை அவருடைய மனக்குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தயக்கத்துக்கான காரணம் விதியிலேயே எழுதப்பட்டிருந்தது. ஒரு இலட்சம் ரூபாய்க் கடனுக்கும் பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கும் வங்கிக்கு ஆகும் எழுத்துவேலை ஏறத்தாழ ஒன்றே என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும்.

குறுகிய கெடுவின் விளைவு 2021இல் வெளிப்பட்டது. முதல் அலை ஓய்ந்தபின் கடன் வாங்கிச் சரக்கெடுத்தவர்கள் தவணைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோதே இரண்டாம் அலை வந்தது. தமிழ்நாட்டில் மே 10இல் முழு ஊரடங்கும், மே 24 முதல் தளர்வுகளற்ற ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தன. தெருவில் வண்டி நிறுத்த முடியாத மாதத்துக்கும் தவணைத் தேதி உண்டு. அதைத் தவறவிட்டவர், வாழ்க்கையில் முதன்முறையாகக் கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் இடம்பெற்றபோதே, தாமதக்காரர் என்ற குறிப்புடன் இடம்பெறும் நிலை வந்தது. பேரிடருக்கென்று கொடுத்த கடன், பேரிடர் முடியுமுன்னே முதிர்ந்துவிட்டது.

அந்நெருக்கடியைத் தாண்டி, கடனைத் திருப்பிக் கட்டியவர்களைப் பற்றிய செய்தி இதைவிட முதன்மையானது. பாரத ஸ்டேட் வங்கியின் ஆய்வுப் பிரிவு 2023இல் வெளியிட்ட அறிக்கை, முதற்கடனைக் கட்டி முடித்து இரண்டாம் கடன் பெற்றவர்களின் விகிதம் 68 விழுக்காடு என்றும், இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியவர்கள் 75 விழுக்காடு என்றும், பயனாளிகளில் 43 விழுக்காட்டினர் பெண்கள் என்றும் குறிப்பிட்டது. ஆவணமும் பிணையும் இல்லாதவருக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது என்று பல்லாண்டாகச் சொல்லப்பட்டுவந்த வாதத்தை இந்த எண்கள் கணிசமாகத் தளர்த்தியிருக்கின்றன.

ஒரு கடிதத்தின் எடை

பிணை வேண்டாம் என்றாலும், இவர் வியாபாரிதான் என்பதற்கு ஒரு சான்று வேண்டியிருந்தது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், ஒவ்வொரு நகரத்திலும் ‘நகர விற்பனைக் குழு’ அமைத்து, அதன் உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளையே தேர்ந்தெடுத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுப்பு நடத்தி, கணக்கில் வந்தவருக்கு விற்பனைச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்கிறது. அச்சட்டம் எங்கும் முறையாக நடைமுறையாகியிருந்தால், 2020இல் கடன் கொடுப்பது பட்டியலைப் பார்த்துப் பெயரைச் சரிபார்க்கும் வேலையாக மட்டும் இருந்திருக்கும். பல நகரங்களில் கணக்கெடுப்பு முழுமையடையாததால், விடுபட்டவருக்கு நகராட்சியோ விற்பனைக் குழுவோ வழங்கும் ‘பரிந்துரைக் கடிதம்’ என்ற குறுக்குவழி திட்டத்திலேயே சேர்க்கப்பட்டது.

நல்ல எண்ணத்தோடு உருவான ஏற்பாடு இது. ஆயினும், ஆதாருடன் இணைந்த கைபேசி எண், வங்கிக் கணக்கு, இணைய விண்ணப்பம், பின்னர் அந்தக் கடிதம் என்று நீளும் சங்கிலியில், எண்ணை மாற்றிக்கொண்டவரும், வேறு மாவட்டத்திலிருந்து வந்து நடைபாதையில் கடைபோட்டவரும், கணவர் பெயரில் கடை இருக்க அதைத் தாமே நடத்தும் பெண்ணும் எங்கேனும் ஒரு கண்ணியில் சிக்கும் வாய்ப்பு மிகுதி. ஒரு நாள் அலுவலகத்துக்கு அலைந்தால் அந்த நாள் வியாபாரம் போயிற்று என்ற கணக்கை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை.

தெருவில் இல்லாமல் நான்கு சுவருக்குள் கடை வைத்திருந்த சிறு வணிகர்களின் நிலை இன்னொரு வகையில் சங்கடமானது. 2017இல் சில்லறை, மொத்த வணிகம் குறு, சிறு, நடுத்தரத் தொழில் என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. 2021 ஜூலையில்தான், முன்னுரிமைக் கடன் பெறுவதற்காக மட்டும், அவர்கள் ‘உத்யம்’ என்னும் தொழில் பதிவேட்டில் சேர்க்கப்பட்டனர். வரி எண்ணோ கணக்குப் புத்தகமோ இல்லாத குறுந்தொழில்களைப் பதிவுசெய்ய ‘உத்யம் அசிஸ்ட்’ தளம் வந்தது 2023 ஜனவரியில். காலம் கடந்தாயினும் செய்யப்பட்ட நற்பணிகள்தாம் இவை. 2020க்கு முன்பே செய்யப்பட்டிருக்க வேண்டியவையும்கூட.

தண்டலின் நூறு நாள்

அரசுக் கடன் எட்டாத இடத்தில் வெற்றிடம் இருப்பதில்லை, தண்டல் இருக்கிறது. தண்டல் என்பது நாள்தோறும் வசூலிக்கப்படும் கடன். வழக்கமான ஒரு கணக்கில், பத்தாயிரம் என்று பேசி, ஆயிரத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாளில் வாங்கிவிடுவார்கள். கேட்கும்போது பத்து விழுக்காடு போலத் தோன்றும் இது, நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 78 விழுக்காடு வட்டி. இந்தக் கடனை ஆண்டு முழுதும் சுழற்றும் வியாபாரி 3,500 ரூபாய்க்கு மேல் வட்டியாகவே கொடுக்கிறார். அதே பத்தாயிரத்துக்கு ஒரு வங்கி 12 விழுக்காடு வட்டி வைத்தால், மாதத் தவணை சுமார் 888 ரூபாய். ஆண்டு வட்டி 662 ரூபாய். அதிலும் பாதிக்கு மேல் மானியமாகத் திரும்பி வரும்.

இவ்வளவு வேறுபாடு இருந்தும் வியாபாரி தண்டல்காரரிடம் போவதை அறியாமை என்று படித்தவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. தண்டல்காரர் மாலையில் வண்டியருகே வருகிறார், காகிதம் கேட்பதில்லை, காலையில் கேட்டால் மாலையில் பணம் தருகிறார். நாள் வருமானத்துக்கு நாள் தவணை என்ற பொருத்தம் அதில் இருக்கிறது. வங்கித் தவணைக்கு நாளுக்கு முப்பது ரூபாய் எடுத்துவைத்தால் போதும். ஆனால் பிள்ளையின் காய்ச்சலுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் இடையில் அந்த முப்பது ரூபாயை முப்பது நாள் தொடாமல் காப்பாற்றுவதுதான் கடினம். 2003இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டின் மிதமிஞ்சிய வட்டி வசூலிப்புத் தடைச் சட்டம், கந்துவட்டி, மீட்டர் வட்டி, தினவட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் தண்டல் தெருவில் நிற்கிறதென்றால், தண்டனையால் மட்டும் நிரப்ப இயலாத ஒரு தேவை அங்கே இருக்கிறது.

நாள் வசூலை வங்கி செய்ய முடியாது என்பதும் உண்மையன்று. உடுப்பியில் பிறந்த சிண்டிகேட் வங்கி 1928இலேயே ‘பிக்மி’ சேமிப்பைத் தொடங்கி, முகவர்களை வீடுவீடாக அனுப்பி அன்றாடம் சில்லறைக் காசுகளைச் சேமிப்பாகத் திரட்டியது. அந்த வங்கி, பொதுமுடக்கம் தொடங்கிய ஒரு வாரத்தில், 2020 ஏப்ரல் 1 அன்று கனரா வங்கியோடு இணைக்கப்பட்டது. இன்று முகவர்கூட வேண்டியதில்லை. வண்டியில் தொங்கும் கியூஆர் அட்டையில் விழும் பணத்திலிருந்து நாளுக்கு முப்பது ரூபாயைத் தவணைக்கென ஒதுக்குவது தொழில்நுட்பத்துக்குக் கடினமான வேலையன்று. மாதத் தவணை என்பது சம்பளக்காரரின் நாட்காட்டி. அதைத் தினக்கூலி வாழ்வின்மேல் சுமத்துவதை மாற்றினால், தவறும் தவணைகளில் பெரும்பகுதி குறையும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமிருக்கிறது.

❖ கடனோடு வரும் சொற்கள் ❖
தவணைத் தள்ளிவைப்பு: குறிப்பிட்ட காலத்துக்குத் தவணை கட்ட வேண்டாம் என்ற சலுகை, தள்ளுபடி அன்று, அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறும்.
வாராக்கடன்: 90 நாட்களுக்கு மேல் தவணை கட்டப்படாத கணக்கு.
வட்டி மானியம்: வட்டியின் ஒரு பகுதியை அரசு ஏற்பது, கணக்கு வாராக்கடனானால் நின்றுவிடும்.

இச்சொற்களில் முதலாவது பல வீடுகளில் குழப்பத்தை விளைவித்தது. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27இல் மூன்று மாதங்களுக்கு அறிவித்து, பின்னர் ஆகஸ்ட் 31 வரை நீட்டித்த தவணைத் தள்ளிவைப்பைத் தள்ளுபடி என்று எண்ணியவர்கள், செப்டம்பரில் கடன் கூடியிருப்பதைக் கண்டு திகைத்தனர். உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 23இல், தள்ளிவைத்த காலத்துக்கு வட்டிமேல் வட்டி வாங்கக் கூடாது என்றும், வட்டியை முழுதாகத் தள்ளுபடி செய்ய உத்தரவிட இயலாது என்றும் தீர்ப்பளித்தது.

கடல் கடந்த இரு முறைகள்

அமெரிக்கா 2020 ஏப்ரலில் தொடங்கிய ‘ஊதியப் பாதுகாப்புத் திட்டம்’ பெயரளவில் கடன். விதிப்படி செலவழித்தால் முழுவதும் மன்னிக்கப்படும். முதலில் ஒதுக்கிய 34,900 கோடி டாலர் இரு வாரத்துக்குள் தீர்ந்தது. தனியாள் தொழில் செய்வோர் விண்ணப்பிக்கும் நாள், பிற நிறுவனங்களுக்கு ஒரு வாரம் பிந்தி வைக்கப்பட்டிருந்தது. அவர்களுக்கான தொகை வருமான வரிப் படிவத்தின் நிகர இலாபத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டதால், செலவுகளைக் கழித்து இலாபம் ஏதுமில்லை என்று காட்டியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2021 மார்ச்சில், மொத்த வருமானத்தையே அடிப்படையாகக் கொள்ளலாம் என விதி மாற்றப்பட்டது. முன்பே குறைந்த தொகை வாங்கிவிட்டவருக்கு அந்த மாற்றம் பயன்படவில்லை.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்த சுயதொழிலாளருக்குச் சராசரி இலாபத்தின் 80 விழுக்காடு வரை மானியமாகவே கொடுத்தது. ஏறத்தாழ 29 இலட்சம் பேர் பெற்றனர். புதிதாகத் தொழில் தொடங்கி, வரிக் கணக்கு இல்லாதவர்கள் விடுபட்டனர். அத்துடன் 50,000 பவுண்ட் வரை, ஆண்டு வருவாயின் கால்பங்குக்கு, விண்ணப்பித்தவரின் சொல்லையே நம்பி 2.5 விழுக்காடு வட்டியில் கடன் கொடுத்தது. வேகம் கிடைத்தது, மோசடியும் சேர்ந்து வந்தது. பிரிட்டனின் இந்தக் கடன் திட்டமும் அமெரிக்கத் திட்டமும் ஒரே இக்கட்டைக் காட்டுகின்றன: சரிபார்த்தால் எளியவர் விடுபடுகிறார், சரிபார்க்காவிட்டால் சூதுக்காரர் நுழைகிறார். இந்த இக்கட்டைப் பேரிடர் வந்த வாரத்தில் தீர்க்க முடியாது.

அடுத்த மழைக்கு முன்

தமிழ்நாட்டுக்குப் பேரிடர் பழங்கதை அன்று. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதத்தில் தூத்துக்குடியையும் திருநெல்வேலியையும் மூழ்கடித்த பெருமழை என, வடகிழக்குப் பருவம் நனைத்த சரக்கும் உடைத்த வண்டியும் எத்தனையோ. தொற்றுநோய் நூற்றாண்டுக்கு ஒருமுறை வரலாம். ஐப்பசி மழை ஆண்டுதோறும் வருகிறது. அந்த மழையில் நனைந்து போகும் தேங்காய்க்கும் துணிக்கும் காப்பீடு கிடையாது.

2025இல் திருத்தப்பட்ட ஸ்வநிதி நகராட்சி எல்லையைத் தாண்டிக் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகரங்களுக்கும் நகரையொட்டிய பகுதிகளுக்கும் படிப்படியாக விரிகிறது. இரண்டாம் கடனை முடித்தவருக்கு ரூபே கடன் அட்டை தருகிறது. புதிதாக 50 இலட்சம் பேரைச் சேர்த்து 1 கோடியே 15 இலட்சம் பேரை எட்ட முனைகிறது. வரவேற்கத்தக்க விரிவு. ஆனால், ஒரு பேரிடர் அறிவிக்கப்பட்ட உடனேயே அந்தப் பகுதிக் கடனாளிகளின் தவணை மூன்று மாதமேனும் தானாக நின்று, கெடுவும் அவ்வளவு நீளும் என்ற ஒரு வரி விதியும், முழு உத்தரவாதம் பெரிய நிறுவனத்துக்குக் கிடைத்ததுபோல் இவர்களுக்கும் கிடைக்கும் என்ற இன்னொரு வரியும் அதில் சேர வேண்டும். ஓராண்டு மூச்சுவெளி கொடுக்கும் வழியை அரசு ஏற்கெனவே அறிந்திருக்கிறது. 2020 மே மாதத்தில் அதை எழுதியும் காட்டியிருக்கிறது.

மற்றது பட்டியல். தெரு வியாபாரிகள் சட்டம் சொல்லும் ஐந்தாண்டுக் கணக்கெடுப்பு வார்டு வாரியாக முடிந்து, விற்பனைச் சான்றிதழ் அவரவர் கையில் சேர்ந்து, அதில் வண்டியை உண்மையில் தள்ளும் பெண்ணின் பெயரே இருக்குமானால், அடுத்த முறை கோயம்பேடு மூடப்படும்போது பரிந்துரைக் கடிதத்துக்காக எவரும் வரிசையில் நிற்க வேண்டியிராது. புரட்டாசி முடிவதற்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை அது.